தண்ணி லாரிக்காரி

போர்ட் பிளேரிலிருந்து வந்த சௌல்தாரி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு கையில் தூக்குவாளியும் இன்னொரு கையில் பையுமாகப் பாக்குத் தோப்பு ஓரமாக நடந்துவந்த ஒச்சம்மாளுக்கு, அந்த இல்லத்தின் வாசலுக்கு வரும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தர் இருவர் சிரிப்பு இல்லை, ஒரு கூடமே சிரிக்கிற சிரிப்பு. அவளுக்கு எரிச்சலாக வந்தது. அது சிரிக்கிற இடமா? ஆஸ்பத்திரிகள் எல்லாம் 'இனி எங்களால் ஆவது ஒன்றுமில்லை' என்று கையை விரித்த பிறகு, இருக்கிற நாளை வலி தெரியாமல் கழிக்கட்டும் என்று சில நல்ல மனிதர்கள் சேர்ந்து நடத்துகிற இடம். அங்கே இப்படியா கெக்கெக்கே என்று சிரிப்பது?

யாரென்று பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் ஆண்கள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அவள் புருஷன் நாகமுத்து. வற்றிப்போன இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி லாரி ஓட்டுகிற மாதிரி வளைத்தார். பிறகு ஒரு கையை மேலே தூக்கி ஆட்டினார். வாய் ஓயாமல் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தது. நர்ஸ் ரோஸ்லின் மருந்துத் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராஞ்சிக்காரப் பெண். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். பக்கத்துக் கட்டில் வங்காளி ஹல்தார் பாபு சிரிப்பில் இருமி, இருமலில் சிரித்து, தண்ணீருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

நாகமுத்து அவளைப் பார்த்தார். தூக்கிய கை தானாக இறங்கியது.

"வந்துட்டியா," என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

அதுதான் ஒச்சம்மாளுக்குத் தெரிந்த நாகமுத்து. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு, சென்னையில் கப்பலேற்றிப் போர்ட் பிளேருக்குக் கூட்டி வந்தவர். வழியெல்லாம் அவள் வாந்தி எடுத்தாள், அவர் வாளியைப் பிடித்தார். இரண்டு பேருக்கும் நடந்த முதல் சம்பாஷணை, "இன்னும் வருதா?" என்பதுதான். தீவுக்குத் தீவு போகிற கப்பலில் அவர் சமையல்காரர். ஹட் பே, காம்ப்பெல் பே என்று போவார், பல நாள் கழித்து போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் இருக்கிற வீட்டுக்கு வருவார். வந்து குளித்துவிட்டு, கூடத்தில் காலை நீட்டி உட்காருவார். ஒச்சம்மாள் அவர் இல்லாத நாட்களில் நடந்ததையெல்லாம் ஆரம்பத்திலிருந்து சொல்லுவாள். அவர் வாயிலிருந்து வருவது இரண்டே வார்த்தை. ஒன்று "ம்". இன்னொன்று "அப்புறம்?"

சுனாமி வந்தபோது அவர் கப்பல் நடுக்கடலில் இருந்தது. ஒச்சம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் பைத்தியம் பிடித்தவள் மாதிரி கிடந்தாள். கடைசியில் ஒருநாள் மனுஷன் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, அழுது, திட்டி, பொழுது சாயும் வரை நடந்ததைச் சொல்லி முடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்புறம்?"

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் இங்கே கையைக் காலை ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் ஹிந்தியில்.

"என்ன பேசிக்கிட்டிருந்தீக?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"சும்மா."

"சும்மாவா? அந்தப் பாபு மூச்சு முட்டிச் செத்திருப்பாரு."

"ம்."

அவ்வளவுதான். தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு கரண்டி குடித்தார். மிச்சத்தை வழக்கம்போல ஹல்தார் பாபு வாங்கிக்கொண்டார். வழக்கமாக ஒச்சம்மாள் அப்போதுதான் பேச ஆரம்பிப்பாள். தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டு வைஜெயந்தியின் கோழி, மீன் விலை எல்லாம் வரும். அன்றைக்கும் பேசினாள், ஆனால் மனசு அதில் இல்லை. ஒரு கண்ணை நர்ஸ் மேலேயே வைத்திருந்தாள். அந்தப் பெண் போகும்போதும் வரும்போதும் நாகமுத்துவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது.

பஸ்ஸில் திரும்பும்போது ஒச்சம்மாளுக்கு நெஞ்சு கொதித்தது.

நாகமுத்துவுக்கு வயிற்றுக்குள் கணையத்தில் கட்டி. கண் மஞ்சளாகிப் பார்த்தபோதே முற்றிப்போயிருந்தது. கடல் தாண்டி மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அங்கேயிருந்த டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, சந்தோஷமா வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் மகள் சுகிர்தாதான் சௌல்தாரி இல்லத்தைக் கண்டுபிடித்தாள். "பாலியேட்டிவ் கேர்மா," என்று அவள் சொன்னபோது ஒச்சம்மாள் காதிலேயே வாங்கவில்லை. "எம்புருஷனுக்கு நான் பண்ணாத கேரா? வீட்ல ஆளு இல்லயா?" என்று குதித்தாள். ஆனால் ஒருநாள் மத்தியானம் வலி பொறுக்காமல் அவர் துண்டை வாயில் திணித்துக் கடித்ததைப் பார்த்த பிறகு, அவளே சுகிர்தாவுக்குப் போன் போட்டு, "அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்," என்றாள். தெருவில் கேட்டவர்களிடம், "ரெஸ்ட்டுக்குப் போயிருக்காக," என்று சொன்னாள். எப்போது வருவார் என்று வைஜெயந்தி கேட்டதற்கு, "மழை விட்டதும்," என்றாள். அப்போது மழையே தொடங்கியிருக்கவில்லை. வைஜெயந்தி மேற்கொண்டு கேட்கவில்லை.

சாயங்காலம் சுகிர்தா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஒச்சம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஒங்கப்பா என்னைய ஏமாத்திட்டாகடீ."

"என்னம்மா ஆச்சு?"

"பேசுறாக. பொலபொலன்னு பேசுறாக. அந்த நர்ஸுகிட்ட, பாபுகிட்ட, எவன் எவன்கிட்டயோ. எங்கிட்ட இத்தன வருஷமா 'ம்'முனுட்டு, அங்க போயி அம்புட்டும் அவுத்து விடுறாக."

"நல்லதுதானேம்மா. சந்தோஷமா இருக்காங்கன்னு அர்த்தம்."

"எனக்கு இருக்குற வயித்தெரிச்சல்ல நீ வேற. வேற ஒரு பொம்பளைய வச்சிருந்தாகன்னு சொன்னாக்கூட எனக்கு இம்புட்டு இருக்காது. ஆளக் காட்டுன்னு நேராப் போயிக் கேட்டிருப்பேன். இதுக்கு யாருகிட்டப் போயிக் கேக்க?"

சுகிர்தா சிரித்தாள். சிரிப்பு வந்த வேகத்திலேயே வேறு மாதிரி ஆகி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒச்சம்மாள் மகள் முதுகைத் தட்டிக் கொடுத்தபடியே, "இந்தா, அழாத. நான் அவுகள விடப்போறதில்ல," என்றாள். அன்றைக்குப் பூராவும் அவள் அவர் நோயைப் பற்றி ஒருதரம்கூட நினைக்கவில்லை. கோபம் அவளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனது.

யோசித்துப் பார்த்ததில் அவளுக்கே ஒன்று தோன்றியது. தான் பேசிக்கொண்டே இருப்பதால்தான் அவருக்கு இடம் கிடைக்காமல் போயிருக்குமோ? நர்ஸ் வந்தால் ஊசியைப் போட்டுவிட்டு நிற்கிறாள், பாபு சும்மா படுத்திருக்கிறார். எதிரில் ஆள் பேசாமல் இருந்தால் இந்த மனுஷன் பேசுவார் போலிருக்கிறது. சரி, நாளைக்குப் போய் வாயைத் திறக்கக்கூடாது. அவராகப் பேசட்டும்.

மறுநாள் அவள் போனாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். பேசவில்லை.

நாகமுத்து அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். காற்றாடி சுற்றியது. வெளியே தோப்பில் யாரோ பாக்கு உரித்தார்கள். ஒச்சம்மாளுக்கு நாக்கு நுனியில் அந்த வாரத்துச் சமாச்சாரம் அத்தனையும் வரிசையாக வந்து நின்றது. வைஜெயந்தி வீட்டுக் கோழி இவள் வீட்டு அடுப்படியில் முட்டையிட்டதும், அந்த முட்டை யாருக்குச் சேரும் என்று நடந்த பஞ்சாயத்தும் தொண்டைக்குழி வரை வந்துவிட்டன. உதட்டை இறுக்கிக்கொண்டாள். முகம் சிவந்தது. நெற்றியில் வியர்த்தது.

"ஏ ஒச்சு," என்றார் நாகமுத்து.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், சொல்லுங்கள் என்று.

"என்ன செய்யிது ஒனக்கு?"

ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள். அவர் பயந்துபோனார். தலைமாட்டில் இருந்த மணியை அழுத்தினார், விடாமல் அழுத்தினார். ரோஸ்லின் ஓடி வந்து அவர் நாடியைப் பிடிக்கப் போனாள். அவர் கையை உதறி, "எனக்கில்ல, இவளுக்கு. இஸ்கோ தேகோ," என்றார். பிறகு படபடவென்று ஹிந்தியில் கொட்டினார். ஒச்சம்மாளுக்கு அதில் பாதிதான் புரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததே இல்லை, வாய் கோணிவிட்டதா, பக்கவாதமா, சீக்கிரம் பாருங்கள், என்னை அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் அது.

"நல்லாத்தேன் இருக்கேன்," என்று ஒச்சம்மாள் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்லின் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டாள். காலையிலிருந்து பேச்சை அடக்கிய உடம்பு, ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டரிடம் போனில் கேட்டார்கள். மாத்திரை கொடுத்துக் கொஞ்ச நேரம் படுக்க வையுங்கள் என்றார். நாகமுத்துவுக்கு எதிரில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. முந்தின நாள் அதில் ஒரு கிழவர் இருந்தார். அவர் எங்கே என்று ஒச்சம்மாளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. புதிதாக விரித்த உறையின் மேல் அவளைப் படுக்க வைத்தார்கள்.

படுத்து மேலே பார்த்தாள். கூரையில் மழைநீர் கசிந்து ஒரு கறை, காற்றாடி, ஒரு பல்லி. இதைத்தானே மனுஷன் நாளெல்லாம் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று தோன்றியது. மழை விட்டதும் வந்துவிடுவார் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தபோது, இங்கிருந்து எழுந்து யாரும் ஜங்லிகாட்டுக்குப் பஸ் ஏறிப் போவதில்லை என்று தெரிந்தது. யாரும் சொல்லித் தெரியவில்லை. முதுகுக்குத் தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் பயந்துவிட்டாள் என்று நினைத்த ரோஸ்லின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். ஒச்சம்மாளுக்குப் புரியட்டும் என்று ஹிந்தியை மெதுவாக, உடைத்து உடைத்துச் சொன்னாள்.

"அம்மா, உங்க தெருவுல ஒரு பொம்பளை இருக்காளாமே. பானிவாலி, தண்ணிக்காரி. தண்ணி லாரி மேல ஏறினவ."

ஒச்சம்மாள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"கோடைகாலமாம். பல நாளாக் குழாயில தண்ணி இல்லையாம். லாரி வந்து தெரு முக்குல இருக்குற லாட்ஜுக்கு ஊத்தப் போச்சாம். இந்தப் பொம்பளை பின்னாடி ஏணியில ஏறி, மூடி மேலயே உக்காந்துகிட்டாளாம், குடத்தோட. எங்க தெருவுக்கு ஊத்தாம எந்திரிக்க மாட்டேன்னு. டிரைவர் பயமுறுத்தலாம்னு வண்டிய எடுத்தானாம். அவ எறங்கலையாம்!" ரோஸ்லினுக்கு அதற்குள் சிரிப்பு பொங்கி வந்தது. "பஜார் வழியாப் போகுதாம் லாரி. மேலயிருந்தே மீன்காரிகிட்ட விலை கேட்டுக்கிட்டுப் போனாளாம். டிராஃபிக் போலீஸ் மந்திரி வர்றாங்கன்னு நெனச்சு சல்யூட் அடிச்சானாம். ஹாடோ கப்பல் துறை வரைக்கும் போயிட்டாளாம். அங்க நின்ன கப்பல் சங்கு ஊதி வரவேற்றுச்சாம்."

ஒச்சம்மாள் இரண்டாவது கண்ணையும் திறந்தாள்.

"இது யாரு சொன்னது?"

"தாதாதான். நாகமுத்து அண்ணா. உங்களுக்குத் தெரியாததா, நீங்க நூறு தடவை கேட்டிருப்பீங்க."

"வேற என்ன சொன்னாரு?"

அதற்குள் ஹல்தார் பாபு தன் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். அவர் ஹட் பேயில் மளிகைக் கடை வைத்திருந்தவர். சரக்கு எடுக்க அடிக்கடி போர்ட் பிளேருக்குக் கப்பலில் வருவாராம். நாகமுத்துவின் கப்பல் என்றால் நாலு பேர் சேர்ந்து சமையல்கட்டு வாசலில்தான் போய் உட்காருவார்களாம். கடல் கொந்தளிக்கிற நாளில் வாந்தி எடுக்கிறவர்கள்கூட அங்கேதான் வந்து வாந்தி எடுப்பார்களாம், கதை தவறிப்போகும் என்று. "ஜங்லிகாட்டுக்காரி இந்தத் தடவை என்ன பண்ணினாள் என்று கேட்காமல் யாரும் இறங்க மாட்டோம்," என்றார். ரேஷன் கடைத் தராசில் அவளே ஏறி நின்று எடை சரியா என்று பார்த்த கதை இருக்கிறது. பேங்கில் கையெழுத்து மாறிப்போனது என்று சொன்ன ஆபீசரிடம், நீயும்தான் போன வருஷத்துக்கு இப்போ மாறிப்போயிட்டே என்று சொன்ன கதை இருக்கிறது. அந்தப் பெண்ணை ஒருதரமாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை என்று முடித்தார்.

ஒச்சம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

எதிர்க்கட்டிலில் நாகமுத்து போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டார். ஏதோ புதையல் தோண்டுகிறவர் மாதிரி கூரையையே உற்றுப் பார்த்தார்.

"ஏங்க."

"ம்."

"என் மானத்தக் கப்பலேத்திட்டீகளா?"

அவர் போர்வைக்குள்ளிருந்தே, "பேரச் சொல்லல," என்றார்.

"பேரச் சொல்லலயாமுல்ல! ஹட் பேயி, காம்ப்பெல் பேயி, எங்கெங்க கப்பலு போகுதோ அங்கெல்லாம் என்னையச் சிரிப்பாச் சிரிக்க வச்சிருக்கீக. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீகளா?"

"எல்லாம் நீ சொன்னதுதான. ஒங்கிட்டயே திருப்பிச் சொன்னா, நீ தப்புக் கண்டுபிடிப்ப."

"பின்ன, கண்டுபிடிக்காம?" ஒச்சம்மாள் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள். "ஹாடோ வரைக்கும் எங்க போனேன்? டெலானிப்பூர் முக்குலயே டிரைவரு கையெடுத்துக் கும்புட்டுத் திருப்பிட்டான். சங்கு ஊதுச்சாம், சங்கு. போலீஸ்காரன் சல்யூட்டா அடிச்சான்? லத்தியத் தூக்கிட்டுல்ல வந்தான். மீன் வெல கேட்டேனாம். நான் கேட்டது எறா. கிலோ என்னன்னு கேட்டேன், அவ சொன்ன வெலயக் கேட்டுத்தான் எனக்குத் தல சுத்துச்சு, லாரி சுத்துனதுல இல்ல."

நாகமுத்துவின் போர்வை குலுங்கியது. ரோஸ்லினுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு விஷயம் மெல்லப் பிடிபட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "தாதா... யஹீ ஹை க்யா?" என்றாள். இவர்தானா அவர்?

ஹல்தார் பாபு படுத்தபடியே இரண்டு கையையும் குவித்து ஒச்சம்மாளைக் கும்பிட்டார். கோயிலில் கும்பிடுகிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவளை யாராலும் பிடித்து வைக்க முடியவில்லை. நடந்தது நடந்தபடி தெரிய வேண்டும் என்று கூடத்தின் நடுவில் நின்று தண்ணி லாரிக் கதையை முதலிலிருந்து சொன்னாள், ஹிந்தியில். இத்தனை வருஷமாகச் சந்தையிலும் பஸ்ஸிலும் பொறுக்கிய ஹிந்தி அது. அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. லாரி அவள் மேல் ஏறியதா, அவள் லாரி மேல் ஏறினாளா என்று ஒரு கட்டத்தில் ரோஸ்லினுக்கே சந்தேகம் வந்தது. வார்த்தை கிடைக்காதபோது ஒச்சம்மாள் புருஷன் பக்கம் திரும்பி, "மூடிக்கு என்னங்க?" என்பாள். "டக்கன்," என்பார் அவர். "டக்கன் ஊப்பர் ஹம் பைட்டா," என்று, மூடி மேல் உட்கார்ந்ததைத் தொடருவாள். கடைசியில் சங்கு மட்டும் இருக்கட்டும் என்று ஹல்தார் பாபு கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். ஒச்சம்மாள் பெரிய மனசு பண்ணி, சங்கை அனுமதித்தாள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் அதுவே வேலையாயிற்று. அவர் ஒரு கதையை ஆரம்பிப்பார், பாதியில் அவள் பிடுங்கிக்கொள்வாள். பெண்கள் கூடத்திலிருந்து முடிந்தவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் வரும் நாளில் அவரும் கதவோரம் சாய்ந்து நின்று கேட்டுவிட்டுத்தான் நாடி பார்த்தார். சுகிர்தா ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, அப்பா வாயிலிருந்து தான் பிறந்தன்று நடந்த கதையைக் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோக்காரனிடம் ஒச்சம்மாள் பிரசவ வலியோடு பேரம் பேசிய கதை. "அப்ப அப்பா கப்பல்லதானே இருந்தாங்க?" என்று கேட்டாள். "நான்தான் சொன்னேன், அவுக பக்கத்துல இருந்து பாத்த மாதிரி சொல்றாக," என்றாள் ஒச்சம்மாள். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மழை தொடங்கிய பிறகு அவர் பேச்சு குறைந்தது. மருந்து கூடக் கூடத் தூக்கமும் கூடியது. விழித்திருக்கிற நேரத்தில் அவள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் கூடத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை பாக்கு மட்டைகளின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒச்சம்மாள் அவர் காதருகே குனிந்து கேட்டாள்.

"இந்தக் கப்பல்காரவுகளுக்கு, பாபுக்கெல்லாம் சொன்னீகளே, எங்கிட்ட மட்டும் ஏங்க பேசல?"

அவர் மெல்லத் தலையை அவள் பக்கம் திருப்பினார். "கப்பல்ல நாள் பூரா பேசிப் பேசி வாய் வலிக்கும். வீட்டுக்கு வந்தா, கேக்கத்தான் ஆச."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இனிமே யாருகிட்டங்க சொல்லுறது?"

இத்தனை நாளில் 'இனிமே' என்ற வார்த்தையை இரண்டு பேரில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நாகமுத்து நெடுநேரம் யோசித்தார். தூங்கிவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"மொதல்ல ஹிந்தியக் கத்துக்க," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே மூக்கைச் சிந்தினாள். பிறகு வீட்டுக்குப் போய் வைஜெயந்தியைக் கூப்பிட்டு, "அவுக இனி வரமாட்டாகத்தா," என்று சொன்னாள். வைஜெயந்தி, "தெரியும்க்கா," என்று சொல்லிவிட்டு, ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சு தானாகக் கோழி முட்டைக்கு வந்து சேர்ந்தது.

அவர் போனது ஒரு வியாழக்கிழமை காலை. முந்தின சாயங்காலமே மூச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று ரோஸ்லின் சொன்னதால் சுகிர்தா லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கியிருந்தாள். ஒச்சம்மாள் விடிந்ததும் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவர் குடிக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வைத்தாள். பஸ்ஸில் நல்ல கூட்டம். மடியில் வைத்தால் சிந்தும் என்று தூக்குவாளியைப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தாள். அதில்தான் வம்பு வந்தது.

கூடத்துக்குள் நுழையும்போது அந்த வம்பு அவள் வாயில் தயாராக இருந்தது. "ஏங்க, கேட்டீகளா சேதிய," என்று கட்டிலை நெருங்கியவள் சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தாள். ரோஸ்லின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "இப்பதாம்மா. கால் மணி நேரம்கூட இருக்காது. கஷ்டமே படல. தூக்கத்துலயே," என்றாள் சுகிர்தா.

ஒச்சம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். வலி இல்லாத முகம். இன்னும் சூடு இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்டக்டரு கேக்குறான், சீட்டுல எடம் பிடிச்சிருக்கே, இந்தத் தூக்குக்கு டிக்கெட் எடுன்னு," என்று ஆரம்பித்தாள். "நான் சொன்னேன், அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட் இல்லன்னு நீதான எழுதிப் போட்டிருக்க. இது வாங்கி நாலு வருஷந்தான் ஆச்சு. சந்தேகமா இருந்தா அடியில பாரு, எம்மக பேரும் தேதியும் வெட்டியிருக்கு. அவனும் குனிஞ்சு பாக்குறான்ங்க. கூறுகெட்டவன், மெய்யாலுமே தூக்கித் திருப்பிப் பாக்குறான். கஞ்சி பூரா அவன் சட்டையில..."

அடுத்த கட்டிலில் ஹல்தார் பாபுவுக்கு அடக்க முடியவில்லை. தமிழ் தெரியாதுதான். ஆனாலும் கண்டக்டர், டிக்கெட், கஞ்சி, சட்டை என்ற வார்த்தைகளே அவருக்குப் போதுமாக இருந்தன. குபீரென்று ஒரு சிரிப்பு கிளம்பியது. உடனே வெட்கப்பட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாது. அவரை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

ஒச்சம்மாள் கதையைக் கடைசி வரை சொல்லி முடித்தாள். கண்டக்டர் எங்கே இறங்கினான், சட்டையை எப்படிக் கழுவினான், கூட்டத்தில் யார் யார் தன் பக்கம் பேசினார்கள் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்தாள். முந்தானையை வாயில் வைக்காமல், தொண்டை திறந்து, ஊரில் அழுகிற மாதிரி அழுதாள். சுகிர்தா அவளைக் கட்டிக்கொண்டாள். தோப்பில் பாக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, மழையிலேயே கொஞ்ச நேரம் நின்றார்கள்.